நத்தை தின்ன வந்த வாத்துகள்

பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டக்காரர்கள் வாத்து வளர்ப்பது முட்டைக்காக மட்டுமல்ல. குட்டையோரத்து நத்தையைத் தின்று தீர்க்கும், கோழி மாதிரி சீக்கில் சாகாது என்பார்கள். பாதி உண்மைதான். கோழிகளைக் கூண்டோடு காலி செய்யும் வெள்ளைக்கழிச்சல் வாத்தை அவ்வளவாக அசைப்பதில்லை. அந்தத் தைரியத்தில் வாத்துக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் நினைப்பே யாருக்கும் வராது.

நான் அங்கே கால்நடை மருத்துவராக இருந்தபோது ஓர் அக்கா வந்து, "தீனி எடுக்குது டாக்டரம்மா, ஆனா தேறவே மாட்டேங்குது" என்றார். போய்த் தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கையில் குத்தியது. பெரிய வாத்துகளுக்குக் கழிச்சல், முட்டையும் குறைந்திருந்தது. செத்தவை எல்லாம் குஞ்சுகள்.

புழு முட்டை இருக்கிறதா என்று அறிய, எச்சத்தை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். உருண்டைப்புழு முட்டை மேலே வந்துவிடும். தட்டைப்புழு முட்டை கனம், அடியிலேயே கிடக்கும். வாத்து விஷயத்தில் உப்புக் கரைசலோடு நிறுத்துவது வீண் வேலை என்பது என் கட்சி. வெறும் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, அடியில் படிந்த வண்டலை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மஞ்சளாக, 0.1 மி.மீ. அளவில், ஒரு முனையில் மூடியோடு முட்டைகள். செத்த குஞ்சை அறுத்தால் குடலின் கடைசிப் பகுதியில் புழுக்கள், தலையைச் சுற்றி முள்வரிசை. எக்கினோஸ்டோமா என்ற தட்டைப்புழு. அதில் ரெவலூட்டம் என்ற இனத்துக்கு 37 முட்கள் உண்டு, நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

இந்தப் புழுவின் முட்டை எச்சத்தோடு தண்ணீரில் விழுந்து பொரியும். இளம்புழு நத்தைக்குள் புகுந்து பெருகும். அப்புறம் வெளியேறி, இன்னொரு நத்தையிலோ தலைப்பிரட்டையிலோ கூடு கட்டிக் காத்திருக்கும். அதை வாத்து தின்ன வேண்டியதுதான் பாக்கி. அக்காவின் வாத்துகள் கீழே வயலில் மேய்ந்த மந்தையிலிருந்து வாங்கியவை. புழுவும் அவற்றோடு மலையேறியிருக்கலாம். நீர்ப்பறவைகள் கொண்டுவந்தும் இருக்கலாம்.

பிரசிகுவான்டெல் என்ற புழு மருந்து கொடுத்தோம். மருந்து வாத்தின் உடம்பை விட்டுப் போகும்வரை முட்டையை விற்கவும் கூடாது, தின்னவும் கூடாது என்றதும் அக்காவின் முகம் மாறியது. வீட்டுக்காரருக்கு வேறு யோசனை. காபிச் செடியின் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கிய மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கொட்டகையில் இருந்தது; குட்டையில் கொட்டினால் நத்தை ஒழியுமே என்றார். ஒழியும், மீனும் சேர்ந்து. வாத்துக்கும் அது விஷம். குட்டை வழிந்து ஓடும் தண்ணீரைக் கீழே குடிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன்.

குட்டையைச் சுற்றி வேலி போட்டு, வாத்துக்குத் தொட்டி வைக்கச் சொன்னேன். தலையை முக்கிக் கண்ணையும் மூக்கையும் கழுவுகிற ஆழம் இருந்தால் போதும். "அப்ப நத்தைய யாரு திங்கிறது? இதுக்குக் கோழியே வளக்கலாமே" என்றார் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். கடைசியில் குஞ்சுகளை மட்டும் குட்டைப் பக்கம் விடாமல், தனி வேலிக்குள் வைத்துத் தொட்டித் தண்ணீரில் வளர்ப்பது, பெரியவற்றின் எச்சத்தை அவ்வப்போது பார்த்து மருந்து கொடுப்பது என்று பேசி முடித்தோம். குட்டையில் புழு இருக்கத்தான் செய்யும். ஆனால் சாகிறது குஞ்சுதானே, அதை முதலில் காப்பாற்றுவோம் என்று நானும் சரி என்றுவிட்டேன்.