ஏழாம் கட்டிலின் மணி

பதினோரு வருடம் நைட் டியூட்டி பார்த்த செவிலியர் நான். பேயை நான் கண்டதில்லை. ஆனால் கண்டதாகச் சொன்ன எவரும் என்னிடம் பொய் சொன்னதாக நினைக்கவில்லை.

ஏழாம் கட்டிலில் இருந்தவர் இறந்த மறுநாள் இரவு, ஆளில்லாத அந்தக் கட்டிலின் அழைப்பு மணி அடித்தது. போய் நிறுத்தினேன். திரும்பி வருவதற்குள் மறுபடி அடித்தது. உடனிருந்த இளம் செவிலியர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் முதுகு சில்லிட்டது, மறைப்பானேன். காலையில் எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தால் சுவிட்சுக்குள் ஈரம். ஒருவர் இறந்தால் கட்டிலை நன்றாகக் கழுவித் துடைப்போம். அந்தத் தண்ணீர்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆக, மணி அடித்ததற்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு. நாங்கள் பயந்த தொடர்பு அது இல்லை, அவ்வளவுதான்.

அதே பெண் ஒருநாள் அழுதுகொண்டே வந்தார். ஓய்வறையில் கண்ணயர்ந்தபோது யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்களாம், கத்தவும் முடியவில்லையாம். அமுக்குவான் என்று சொல்வோமே, அது. கனவு காணும்போது கைகால் அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில சமயம் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், கனவும் கலைந்திருக்காது. தூக்க நேரம் மாறிக்கொண்டே இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். விளக்கிச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. வேலையையே விட்டுவிட நினைத்திருந்தாராம்.

எல்லோருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதை உணர்ந்திருந்தார்கள், அல்லது அவரைப் பார்த்திருந்தார்கள், அவர் குரலைக் கேட்டிருந்தார்கள். பலருக்கு அது ஆறுதல். ஆனால் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். "அவர் வந்து கால்மாட்டுல உட்கார்ந்திருந்தார் சிஸ்டர்" என்ற ஓர் அம்மாவிடம், "கனவும்மா, தூங்குங்க" என்று சொல்லியிருக்கிறேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் அதன் பிறகு என்னிடம் பேசவே இல்லை. இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் வேறொரு அம்மா அதையே சொன்னபோது, "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. எனக்குக் காய்ச்சல்னா அப்படித்தான், விடியற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.