குடல் கற்றுக்கொள்ளும் வேலை

ஜனவரி 8, 2024
ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்; பையோடு, அதன் கீழிருந்த புராஸ்டேட் சுரப்பியும் போய்விட்டது. சிறுகுடலில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் வெட்டி, பிளந்து, மூத்திரம் தங்கும் பையாகத் தைத்துப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். குழாயாகவே விட்டால் குடல் பழக்கதோஷத்தில் சுருங்கிச் சுருங்கி அழுத்துமாம். வயிற்றுக்கு வெளியே பை ஒட்டிக்கொள்வது சின்ன ஆபரேஷன் என்றார்கள். நான்தான் இது வேண்டுமென்றேன்.

ஜனவரி 16
வீட்டுக்கு வந்தாச்சு. தனக்கு வேலை மாறியது குடலுக்குத் தெரியவில்லை, சளி சுரந்துகொண்டே இருக்கிறது. மூத்திரம் வடியப் போட்டிருக்கும் கத்தீட்டர் குழாய் அடைத்துக்கொள்ளாமல் சலைன் உப்புநீர் ஏற்றி இறக்குவது வீட்டுக்காரி பொறுப்பு. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி ஒருமுறைதான் காட்டினார். "ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வருதுங்க" என்றாள். பாயசம் இனி இந்த வீட்டில் சந்தேகம்.

ஜனவரி 25
தைப்பூசம். சிங்கப்பூர் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வருஷா வருஷம் பால்குடம் எடுத்தவன், இன்று டயப்பரோடு கட்டிலில். கத்தீட்டரை நேற்றுத்தான் எடுத்தார்கள். முட்டுகிற உணர்ச்சியே இல்லை. இரண்டு மணிக்கொரு தரம் உட்கார்ந்து, கீழே தளர்த்தி, வயிற்றை முக்க வேண்டும். மகன் பிரசாதம் கொண்டு வந்தபோதும் அங்கேதான் இருந்தேன்.

பிப்ரவரி 4
ராத்திரி அலாரம் 12, 2, 4. அப்படியும் மெத்தை நனைகிறது. 27 வருஷம் பஸ் ஓட்டினேன். இன்டர்சேஞ்ச் வரும்வரை அடக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அடக்கி அடக்கித்தான் இந்த நோய் என்று அவள் சாதிக்கிறாள். டாக்டர் சிகரெட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டார். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் ஒன்று. கணக்குப் போட மனசில்லை.

பிப்ரவரி 21
நாலு நாளாய்ச் சோறு இறங்கவில்லை, ஒரே அசதி. ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறதாம். உறிஞ்சுவதே குடலின் பிழைப்பு, மூத்திரத்தையும் விட்டுவைக்கவில்லை. சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுத்து, உப்பும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்கள். "ஆப்பசோடாதானே, இதுக்கா இவ்வளவு காசு?" என்றாள்.

மார்ச் 17
அளந்தால் புதுப் பை 300 மில்லி பிடிக்கிறது. மூன்று மணி நேரம் தாங்குகிறேன், பகலில் நனைவதில்லை. தனியாக பஸ் ஏறித் தேக்கா மார்க்கெட் போனேன். ஆட்டுக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர், அலாரம் அடித்துவிட்டது. போய்த் திரும்பினால் தொடைக்கறி தீர்ந்திருந்தது. கோழி வாங்கி வந்தேன்.