பிள்ளைக்குச் சோறு போடுறது ஆர்?

திருகோணமலையில், மூதூருக்கு அங்கால், சம்பூர்ப் பக்கம் ஒரு வீடு. காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டுத் தந்தார்கள், நான் கணக்கெடுப்புக்காக டெப்பைத் திறந்து கேள்விகளைத் தொடங்கினேன். தாயின் கல்வித் தகைமை என்ன? தாய் நேற்றுப் பிள்ளைக்கு என்னென்ன உணவு கொடுத்தார்? பிள்ளைக்கு நாலு வயது. தாய் ஒன்றரை வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை. எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அம்மம்மா. விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிற மனுசி, எனக்காக அடுப்பிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். நாற்பது நிமிடம் போனது. நான் எழும்பும்போது கேட்டார்: "போன வருசமும் ஒரு பிள்ளை வந்து இதையேதான் கேட்டுட்டுப் போனா. அதில என்ன வந்தது மகள்?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மேலிடத்துக்கு அனுப்பியிருப்பார்கள் என்று எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

எட்டு வருடமாக இந்தக் கணக்கெடுப்பு வேலைதான் செய்கிறேன். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, தம்பலகாமம், வெருகல் வரைக்கும் போயிருக்கிறேன். பிள்ளைகளின் உயரம், நிறை, மேல்கைச் சுற்றளவு, சாப்பாடு, பாடசாலை வரவு எல்லாம் கேட்டிருக்கிறேன். எனக்குச் சோறு போடுவதே ஆராய்ச்சிதான், அதனால் ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் 'தாய்' என்று போட்ட பெட்டிக்குள் அம்மம்மாவின் பதிலை நிரப்பும்போது ஒரு மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த குறிப்புப் பெட்டியில் "சமைப்பதும் ஊட்டுவதும் அம்மம்மா" என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒபிசிலிருந்து கோல். மிஸ், அந்தப் பெட்டியில ஒண்டும் எழுதாதீங்க, பிறகு தரவைத் துப்புரவாக்கிறது கஷ்டம். துப்புரவாக்குவது என்றுதான் சொன்னார்கள், அந்தச் சொல் இன்னும் மனதில் நிற்கிறது.

இதற்குப் பிறகுதான் நானாகத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். ஒரு ஊரில் பிள்ளைகளுக்கு நன்மை செய்தது என்று ஆய்வில் தெரிந்த திட்டத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? என் நித்திரையைக் கெடுத்த கதை தமிழ்நாட்டில் தொடங்கி வங்காளதேசத்தில் முடிகிறது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாட்டில் ஒரு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. அந்தந்தக் கிராமத்துப் பெண்களையே ஊழியராக்கி, சின்னப் பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, நிறை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு மேலதிக உணவு கொடுத்து, எப்படி ஊட்டுவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. நல்ல விசயம்தானே, அதே மாதிரியை 1995இல் வங்காளதேசத்தில் தொடங்கினார்கள். தாய்மார் வந்தார்கள், கேட்டார்கள், சொன்னதை விளங்கியும் கொண்டார்கள். ஆனால் பிள்ளைகளின் நிறையில் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை. ஏனென்று போய்ப் பார்த்தால், அங்கே பல இடங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பமென்றால் சட்டியும் அகப்பையும் மாமியாரின் கையில். அறிவுரை கேட்ட மருமகளுக்குப் பிள்ளையின் கோப்பையில் ஒரு முட்டையைக் கூட்டி வைக்கிற அதிகாரமே இல்லை! கொடுத்த மேலதிக உணவும் சில வீடுகளில் வழமையான சாப்பாட்டுக்குப் பதிலாகிப் போனது, இல்லையென்றால் வேறு ஆட்களின் வயிற்றுக்குள் போனது.

இதை வாசித்துவிட்டு எங்கள் பக்கத்தை யோசித்துப் பார்த்தேன். கிழக்கில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்கு, கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே மாமியார் பிரச்சினை இங்கே அவ்வளவு இல்லை. குசினி அம்மம்மாவினுடையது. மீன்காரர் மோட்டார்சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு படலையடிக்கே வருவதால் சூடையோ கீரியோ வாங்குவதும் அநேகமாகப் பெண்கள்தான். சரி, அப்போ தமிழ்நாட்டுத் திட்டம் எங்களுக்குப் பொருந்தும் என்று சொல்லலாமா? சொல்லலாம், தாய் வீட்டில் இருந்தால். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவர்கள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்று 2013இல் விதி வந்தது. 2022இல் நாடு டொலருக்கு அலைந்தபோது அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். அதைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் உண்டு, இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன். இங்கே சொல்ல வந்தது, கிளினிக்கில் 'தாய்மாருக்கான' வகுப்பு வைத்தால், பிள்ளைக்கு உண்மையில் சோறு தீத்துகிற ஆள் அந்த நேரம் இடியப்பத் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பார்.

திரிபோஷாவைப் பாருங்கள். சோளம், சோயா, பால்மா சேர்த்து அரைத்த மா. 1973இலிருந்து இலங்கையில் கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், நானும் அதில் வளர்ந்தவள்தான். ஒரு பிள்ளைக்கு 750 கிராம் பைக்கற்று இரண்டு ஒரு மாதத்துக்கு, நாளைக்கு 50 கிராம் கணக்கு. கணக்கு கடதாசியில் வடிவாகத்தான் இருக்கிறது. இனி அந்தச் சம்பூர் வீட்டுக்கு வருவோம். பைக்கற்று பிரிகிறது, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து உருண்டை பிடிக்கிறார் அம்மம்மா. பின்னேரம் பள்ளி விட்டு வந்த பெரிய பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கு இரண்டு, பக்கத்து வளவுப் பிள்ளை எட்டிப் பார்த்தால் அதற்கும் ஒன்று. வந்த பிள்ளையைப் பார்க்க வைத்துவிட்டுத் தின்பது எங்கள் வழக்கமா? நாலு வயதுக்காரன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றமெல்லாம் ஓடி, பாதியைக் கோழிக்குப் போட்டான், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கிழமையில் பைக்கற்று முடியும். இதை 'கசிவு' என்று அறிக்கையில் எழுதுவார்கள். அம்மம்மாவிடம் போய் நீங்கள் கசியவிடுகிறீர்கள் என்று சொல்லிப் பாருங்கள்!

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 15 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற நிறையில்லாமல் மெலிந்தவர்கள், 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அது 2022க்கு முந்திய கணக்கு, காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்காத காலம்.

வங்காளதேசம் என்றால் தோல்விக் கதை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வயிற்றோட்டத்துக்கு உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் உயிரைக் காப்பாற்றும் என்பதை 1960களின் கடைசியில் டாக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். 1971இல் எல்லைக்கு இந்தியப் பக்கம், பொங்காவ் அகதி முகாமில் கொலரா பரவியபோது வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் சேலைன் தீர்ந்துபோய் அந்தக் கரைசலையே பெரிய அளவில் கொடுத்து எத்தனையோ உயிர்களைப் பிடித்து வைத்தார். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய கதை. 1980இலிருந்து பிராக் என்ற வங்காளதேசத் தொண்டு நிறுவனத்துப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது கிட்டத்தட்ட அரை லீற்றர் தண்ணீர். பத்து வருடத்தில் ஒரு கோடி 20 லட்சம் வீடுகள் வரை! போன பெண்களுக்குச் சம்பளம் எத்தனை வீடு ஏறினார்கள் என்பதை வைத்து இல்லை. பிறகு வேறு ஆள் போய்ச் சோதிக்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது, சரியாகக் கரைக்கிறாளா என்பதை வைத்து. அப்படியும் வீடுகளில் பாவிப்பது குறைவாக இருந்தது. விசாரித்தால், ஆம்பிளைகளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. உடனே சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டி வைத்துப் பேசத் தொடங்கினார்கள். கண்டுபிடித்ததைக் கொண்டுபோய், கேட்டு, திருத்தி, திரும்பவும் கொண்டுபோகிற வேலை இது.

எங்களுக்குக் கிட்டவே இன்னொன்று நடந்தது. வடக்கில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 399 பேரை வைத்து, போரால் வந்த மனப்பாதிப்புக்குப் பாடசாலையில் 15 அமர்வுகள் நடத்தி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் முக்கியமான அளவீடுகளில் பெரிய மாற்றம் இல்லை. ஆண் பிள்ளைகளில் சில அறிகுறிகள் குறைந்திருந்தன. பெண் பிள்ளைகளிலோ, அமர்வுக்குப் போனவர்களைவிட, ஒப்பிட்டுப் பார்க்கவென்று காத்திருப்புப் பட்டியலில் சும்மா இருந்தவர்கள் மனவடு அறிகுறிகளில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். இதை மறைக்காமல் எழுதியதற்கு அந்த ஆராய்ச்சியாளர்களைக் கும்பிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நான் இருந்த முகாமுக்கும் ஆட்கள் வந்தார்கள். வெள்ளைத் தாளும் மெழுகு வர்ணமும் தந்து கடலைக் கீறச் சொன்னார்கள். கீறினோம். என் தோழி ஒருத்தி நீலத்தைத் தொடவேயில்லை, தாள் முழுக்கக் கறுப்பால் நிரப்பிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. வந்தவர்கள் அடுத்த முகாமுக்குப் போய்விட்டார்கள். அவளுக்கு அது நல்லதா கெட்டதா என்று கேட்க ஒருவரும் திரும்பி வரவில்லை.

போன மாதம் வேறொரு வேலையாகச் சம்பூர்ப் பக்கம் போனேன், கணக்கெடுப்பு இல்லை. அந்த வீட்டுக்கும் ஏறினேன். கையில் முடிவு ஒன்றும் இல்லை, எனக்கு இன்னும் வரவில்லை. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் ஜமேக்காக் கதையைச் சொன்னேன். 1986, 87இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய சின்னப் பிள்ளைகள் 129 பேரை எடுத்து, சாலி கிரந்தம்-மக்ரெகர் என்ற வைத்தியரின் குழு ஒரு சோதனை செய்தது. சிலருக்கு மேலதிக உணவு, சிலருக்குக் கிழமைக்கு ஒரு தடவை சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து தாயோடும் பிள்ளையோடும் ஒரு மணித்தியாலம் விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லை. விளையாட்டுச் சாமான் எல்லாம் வீட்டில் கழித்துப்போட்டதில் செய்தது. இரண்டு வருடம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் விளையாட்டுக் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிடச் சராசரியாக 25 சதவீதம் கூட உழைக்கிறார்கள். உணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. கொலம்பியாவில் இதையே பெரிதாகச் செய்தபோது திட்டம் முடிகையில் பலன் தெரிந்தது, இரண்டு வருடத்தில் மங்கிப்போனது என்பதையும் சொன்னேன், ஒளிக்கக் கூடாதென்று.

அம்மம்மா மிளகாய் காயப் போட்ட சாக்கைத் திருப்பிக்கொண்டே கேட்டார். உள்ளே பெடியன் ஷாம்பூப் போத்தலுக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தான், அது நான் செய்து கொண்டுபோனது.

"அந்த ஒரு மணித்தியாலம் விளையாட வந்த மனுசிக்குச் சம்பளம் ஆர் குடுத்தது?"

திட்டம் கொடுத்தது என்றேன்.

"அதுதானே," என்றார். "எனக்கு விடிய நாலு மணிக்கு எழும்பினா ராவு ஒம்பதுக்குத்தான் இருப்பு. விளையாட்டுக் காட்டத் தெரியாமலே நாலு பிள்ளை வளத்தனான்?"

அந்த நேரம் பார்த்து இமோவில் குவைத்திலிருந்து அழைப்பு. பெடியன் ஓடிவந்து போத்தலை போனுக்கு முன்னால் பிடித்துக் குலுக்கினான், சத்தத்தில் மற்றப் பக்கம் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. அம்மம்மா போனை என் பக்கம் திருப்பினார். "கேள்வி கேக்க வாற மிஸ் வந்திருக்கிறா," என்றார் மகளிடம். "உன்னட்டக் கேக்க வேண்டியதெல்லாம் என்னட்டக் கேட்டுட்டுப் போனாவே, அவதான்."