பூநாரை பார்க்கப் போய்

"வெயில் ஏறிட்டா ஒண்ணும் தெரியாது மாப்ள, நாலரைக்கெல்லாம் கிளம்பிடணும்" என்று முந்தின நாளே மாமா கறாராகச் சொல்லிவிட்டார். ஜனவரிப் பனியில் திருத்துறைப்பூண்டியிலிருந்து கோடியக்கரைக்கு பைக்கில் போனோம். அகஸ்தியம்பள்ளியில் 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடத்தில் ஸ்தூபி இருக்கிறது. நிறுத்தவில்லை. மாமா டீக்கு மட்டும்தான் வண்டியை நிறுத்துவார்.

பூநாரைகள் இருந்தன, சதுப்புக்கு அந்தக் கரையில். வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். இரவல் வாங்கிப் போன பைனாகுலரில் ஒரு பக்கம் பூஞ்சை. மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என் கண்ணே தேவலாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் உப்பளப் பாத்தி ஓரத்தில், பத்தடி தூரத்தில், கொசு உள்ளான் பறவைகள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உருவம். கோழிக்குஞ்சு குருணை பொறுக்குவதுபோலச் சேற்றைக் கொத்துகின்றன, வேகம் மட்டும் பத்து மடங்கு. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, இந்தச் சேற்றை நம்பி இவ்வளவு தூரம் வருகின்றன. ஒன்று ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போனது. பாவம், நொண்டி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள்ளிருந்து இன்னொரு காலை எடுத்து ஊன்றிக்கொண்டு ஓடியது! ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் 2002இல் தமிழ்நாட்டின் முதல் பெயராகக் கோடியக்கரை ஏறியதற்கு இந்தப் பொடிசுகளுக்கும் பங்குண்டு.

அப்புறம் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போனோம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டை சில இன்னும் கிடக்கின்றன. உலக்கைப்பாலை மரங்கள் தப்பிய இடங்களில் நல்ல நிழல். புல்வெளியில்தான் சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டே வருகிறது. அதன் காயைத் தின்று, சாணியோடு விதையைப் பரப்புவதில் இங்கே திரியும் காட்டுக்குதிரைகளும் சேர்த்தி. வெளிமானுக்கான புல்லிலும் அவை பங்கு கேட்கின்றன. 1967இல் சரணாலயம் அமைத்ததே அந்த மானுக்காகத்தான்.

வெளிமான் கிடா ஒன்று தனியாக நின்றது. கருத்த முதுகு, வெள்ளை வயிறு, முறுக்கிவிட்ட கொம்பு. காலடியில் புழுக்கைக் குவியல். ஒரே இடத்தில் போட்டுப் போட்டு, "இது என் எல்லை" என்று சொல்லும் வழக்கம். ஒரு குதிரை மேய்ந்தபடியே நேராக அந்தக் குவியலை மிதித்துக்கொண்டு நடந்தது. கிடா ஐந்தாறு அடி விலகி நின்றது. குதிரை போனதும் திரும்பி வந்து, குவியலை முகர்ந்து பார்த்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி புழுக்கை போட்டது.