செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்

அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டில் தூக்கிப் புரட்ட ஆளில்லை. மலேசியாவில், பினாங்கில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), இரண்டு வீடுகளைச் சேர்த்து நடத்திய முதியோர் இல்லத்தில் விட்டோம். சனிக்கிழமை 3 மணிக்குப் போவோம், தலைவாரி பவுடர் போட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள், கொண்டுபோன இட்லியை ஊட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிடுவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தது. சொல்லாமல் காலை 11 மணிக்குப் போய் நின்றேன்.

தண்ணீர்க் குவளை அவருடைய வலது பக்கத்தில் இருந்தது, அதாவது அசையாத கைப் பக்கம். உதடு வெடித்திருந்தது. கட்டில் காலில் தொங்கிய அட்டையில், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்ததாகக் கையெழுத்து, அதுவும் மாலை 6 மணி வரைக்கும் போட்டு முடித்திருந்தார்கள்! போர்வையை விலக்கினேன். குதிகால் கறுத்துப்போயிருந்தது, இடுப்புக்குக் கீழே 50 சென் காசு அளவுக்குக் குழிப்புண். சனிக்கிழமைகளில் வந்த வாடையை அறையின் வாடை என்று நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அத்தைக்கு மலாய் போய்விட்டது, தமிழ் மட்டும்தான் மிச்சம். அங்கே வேலை செய்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. எட்டு மாதமாக 'தண்ணி', 'வலிக்குது' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இந்தப் பாட்டி சும்மா புலம்புவார் என்று அவர்களே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு, நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகளை நான் கொடுமைக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். 18 கட்டிலுக்கு இரண்டு பேர் என்றால் யார்தான் புரட்டுவது? ஆனால் அட்டையில் பொய்க் கையெழுத்துப் போடச் சொன்னவர் வேறு ஆள்.

கத்தத்தான் தோன்றியது. கத்தவில்லை, அதுதான் நல்லதாயிற்று. புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படம் எடுத்தேன், அட்டையையும் எடுத்தேன், யார் என்ன சொன்னார் என்று நேரத்தோடு எழுதி வைத்தேன், அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்து எழுதிக்கொடுப்பதுதான் பின்னால் நிற்கும். போலீசில் ரிப்போர்ட் செய்தோம், சமூக நல இலாகாவுக்கும் போனோம். உடனே யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்களுக்கு 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். 4 பேரோ அதற்கு மேலோ வைத்துப் பார்க்கும் இடம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி இலாகாவில் பதிந்திருக்க வேண்டும், தாதியர் மருத்துவப் பராமரிப்பு தரும் இல்லம் என்றால் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். சேர்க்கும்போதே அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

காயம் கண்டதும் பாய்ந்துவிடவும் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும். ஆனால் மேல்கையில் விரல் பதிந்த மாதிரி தடம், இரண்டு மணிக்கட்டிலும் கட்டிய அடையாளம், திடீரென்று எந்நேரமும் தூக்கம், ஊழியர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோவது, நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர்களே பதில் சொல்வது, இவற்றுக்குக் காரணம் கேட்டே ஆகவேண்டும். தனியாகப் பேச விடமாட்டோம் என்றால் அங்கே விடவே விடாதீர்கள்.

எங்களைக் கேட்க விடாமல் வைத்திருந்தது வெட்கம்தான். 'பெற்ற பிள்ளைபோல வளர்த்தவரைக் கொண்டுபோய்த் தள்ளிட்டாங்க' என்று கோயிலில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. இல்லம் நல்ல இல்லமாக இருந்தால்தான் நான் நல்லவள் என்று ஆகிவிட்டது, அதனால் அந்த வாடை என் மூக்குக்கு எட்டவே இல்லை.

அத்தை இப்போது பட்டர்வொர்த் பக்கம் வேறொரு இல்லத்தில் இருக்கிறார். குதிகால் ஆறிவிட்டது, இடுப்புக்குக் கீழே இருந்த புண் இன்னும் மூடவில்லை. கிழமை சொல்லாமல் போகிறேன். கட்டிலுக்கு மேலே ரூமி எழுத்தில் (மலாய் எழுதும் ரோமன் எழுத்தில்) ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: தண்ணி என்றால் ஆயர், வலி என்றால் சாக்கிட், பசி என்றால் லாப்பார். போன வாரம் உள்ளே நுழையும்போது மியான்மார்ப் பிள்ளை ஒன்று அத்தையிடம் "தண்ணி?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. குவளை இடது பக்கம் இருந்தது.