வயருக்கு 5, காருக்கு 2.5

2025 ஜனவரி 14, செவ்வாய்

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் கார் ஆலைக்கு வெளிநாட்டு வர்த்தக மண்டல அந்தஸ்து கேட்டு விண்ணப்பிப்பது என்று முடிவாகிவிட்டது. இறக்குமதிப் பிரிவில் இருப்பதால் கோப்பு என் மேசைக்கு வந்தது. தெற்குக் கரோலினாவில் பி.எம்.டபிள்யூ., டென்னசியில் நிசான் எல்லாம் இந்த ஏற்பாட்டை எப்போதோ வாங்கிவிட்டார்கள். நாம் ஏன் இவ்வளவு தாமதம் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கணக்கு எளிதுதான். வயர் ஹார்னஸ் (காருக்குள் ஓடும் மின்கம்பித் தொகுப்பு) இறக்குமதிக்கு 5 சதவீத வரி. ரேடியல் டயருக்கு 4. சில பால் பேரிங்குகளுக்கு 9. ஆனால் முழுக் காருக்கு 2.5 மட்டுமே. மண்டலத்துக்குள் இருக்கும் சரக்கு, சுங்க வரியைப் பொறுத்தவரை இன்னும் அமெரிக்காவுக்குள் வரவில்லை. அங்கேயே வயர் காராகி வெளியே வந்தால், அந்த வயரின் மதிப்புக்கும் காரின் வரியையே கட்டலாம். இங்கே சேர்ந்த கூலிக்கும் லாபத்துக்கும் வரி கிடையாது.

பிப்ரவரி 6, வியாழன்

காரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பட்டியல் போடும் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தெந்த வகைப் பாகங்களுக்குச் சலுகை வேண்டும் என்று மண்டலங்களுக்கு அனுமதி தரும் வாரியத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொள்முதல் பிரிவு கொடுத்த தாளில் பல இடங்களில் வெறும் ‘பிராக்கெட்’. எதற்கான பிராக்கெட்? சுங்க வரி அட்டவணையில் இருக்கைக்கு ஒரு தலைப்பு, ஸ்டியரிங்குக்கு வேறு தலைப்பு. கடைசியில் லைனுக்கே போனேன். அங்கிருந்த மூத்த தொழிலாளி பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, பின்னிருக்கைக்கு அடியில் பொருத்திக் காட்டிவிட்டு, “இதுக்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தே?” என்றார்.

பக்கத்து லைனில் ஓடும் பிக்கப் டிரக்குக்கு இதே கணக்கு தலைகீழ். டிரக்குக்கு வரி 25 சதவீதம். 1960களில் ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக ஜான்சன் காலத்தில் வந்தது. கோழிச் சண்டை ஓய்ந்து எத்தனையோ காலமாகியும் வரி அப்படியே இருக்கிறது. அதனால் டிரக்குக்கான பாகங்களை உள்ளே வரும்போதே ‘சிறப்புரிமை வெளிநாட்டு’ நிலையில் பதிந்து, பாகத்துக்குரிய வரியையே உறுதி செய்துகொள்ள வேண்டும். காருக்கு எது வேண்டாமோ, டிரக்குக்கு அதுதான் வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

நேற்று அதிபர் டிரம்பின் பிரகடனம் வந்துவிட்டது. இறக்குமதிக் கார்களுக்கு ஏப்ரல் 3 முதல் கூடுதலாக 25 சதவீதம். பாகங்களுக்கு மே 3க்குள். இரவே அதை முழுதாகப் படித்தேன். மண்டலங்களுக்கென்றே ஒரு பத்தி வைத்திருக்கிறார்கள்: இந்த வரிக்கு உட்பட்ட சரக்கை மண்டலத்தில் சேர்த்தால் சிறப்புரிமை நிலையில்தான் சேர்க்க வேண்டும். அதாவது கூடுதல் 25 வயரோடு ஒட்டியே இருக்கும், காராக்கிவிட்டு 2.5 கட்டும் வழி அடைபட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

“அப்புறம் எதற்கு விண்ணப்பம்?” என்று நிதிப் பிரிவு கேட்டது. நியாயமான கேள்வி.

இனிமேல்தான் தேவை என்பது என் கட்சி. இதுவரை வயருக்கு 5 சதவீதம், மே 3க்குள் அது 30 ஆகிவிடும். மண்டலம் இருந்தால் அந்தப் பணத்தைப் பெட்டி வந்திறங்கும் நாளில் கட்ட வேண்டாம், கார் வெளியேறும்போது கட்டினால் போதும். பாகங்கள் கிடங்கில் வாரக்கணக்கில் கிடக்கும் ஆலைக்கு இது கையில் நிற்கும் ரொக்கம். வளைகுடாவுக்கு ஏற்றுமதியாகும் காரில் உள்ள பாகங்களுக்கு வரியே இல்லை. (கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போகும் காருக்கு இது அப்படியே பொருந்தாது, அந்த நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தத்தில் தனி விதி உண்டு. நிதிப் பிரிவின் தாளில் மூன்றையும் ஒரே வரிசையில் போட்டிருந்தார்கள், பிரிக்கச் சொன்னேன்.) கண்டெய்னர் கண்டெய்னராகச் சுங்கப் பதிவு போடாமல் வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துப் போடலாம். சுங்கம் வாங்கும் 0.3464 சதவீதச் செயலாக்கக் கட்டணத்துக்கு ஒரு பதிவுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருப்பதால் அதிலும் மிச்சம்.

சரி, மேலே போகலாம் என்றார்கள்.

மே 18, ஞாயிறு

ஒரகடத்திலிருந்து மச்சான் போன். “நம்ம ஊர் எஸ்.இ.இசட். மாதிரிதானே மாப்ளே?” சிறப்புப் பொருளாதார மண்டலத்தைச் சொல்கிறார். கிட்டத்தட்ட. ஆனால் நம் 2005 சட்டப்படி அங்கே செய்த பொருளை உள்நாட்டுக்குள் விற்றால், அந்தப் பொருளையே இறக்குமதி செய்ததாகக் கருதி முழு மதிப்புக்கும் வரி. இங்கே வெளிநாட்டுப் பாகத்தின் மதிப்புக்கு மட்டும். “அதை இங்க யாராவது கேட்டா தேவலை” என்றார்.

ஜூன் 12, வியாழன்

கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வரி அலுவலகம். மண்டலத்தில் இருக்கும் வெளிநாட்டுச் சரக்குக்கு உள்ளூர் சொத்து வரி போடக் கூடாது என்கிறது மத்திய சட்டம். அந்த வரியில்தான் பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. எதிரே இருந்த அம்மா பேச்சை வளர்க்கவில்லை. “எவ்வளவு குறையும்? எழுதிக் கொடுங்கள்.” எங்கள் விளக்கப் படங்களை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. தொகையை எழுதிக் கொடுத்தோம். இந்த முழு வேலையிலும் சரியான கேள்வி கேட்டவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

ஜூலை 9, புதன்

மண்டல உரிமம் வைத்திருக்கும் அமைப்பு வழியாகக் கோப்பு வாஷிங்டனுக்குப் போய்விட்டது. வர்த்தக அமைச்சரும் கருவூல அமைச்சரும்தான் வாரியம். சட்டம் 1934ஆம் ஆண்டுடையது. மண்டலத்துக்குள் உற்பத்தி செய்யலாம் என்று 1950ல்தான் திருத்தினார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டது. ஆட்சேபம் சொல்ல 40 நாள் அவகாசம். பட்டியலில் உள்ள காரின் தரை விரிப்புக்கு எதிராகக் கடிதம் வரலாம். துணி சார்ந்த பாகங்களில் வாரியம் எப்போதுமே கறார்.

வாரியம் அனுமதித்தாலும் துறைமுகச் சுங்க அதிகாரி செயல்படுத்த ஒப்புக்கொண்டால்தான் மண்டலம். அவருக்கு நடைமுறைக் கையேடு, பிணைப் பத்திரம், ஊழியர் பின்னணி விவரம் எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியம் இருப்புக் கணக்கு. இன்று சும்மா சோதித்துப் பார்த்தோம்: கணினியில் இருக்கும் டயர் எண்ணிக்கையும் ரேக்கில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை. கிடங்கு மேலாளர் ஸ்கேனரைக் குறை சொல்கிறார், ஸ்கேனர்காரர் கிடங்கைச் சொல்கிறார். திங்கட்கிழமை இரவு ஷிப்டை நிறுத்தி முழுவதும் எண்ணப் போகிறோம்.