சிவப்புப் பென்சில்

கீபோர்டு வகுப்பு எடுக்க ஆரம்பித்து எட்டு வருஷம் கழித்துத்தான் டூ பார்ட் ரைட்டிங், அதாவது சேர்ந்து ஒலிக்கிற இரண்டு வரி இசையை எழுதுவது, படிக்கப் போனேன். வெளியில் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். அதுவரை வலது கையில் மெலடி, இடது கையில் கார்டு (சேர்த்து அழுத்தும் சுரங்கள்), கொயர் என்றால் ஒரு தேர்ட் (மூன்று சுர இடைவெளி) மேலே பாடச் சொல்வது, அவ்வளவுதான் என் சரக்கு.

சார் சர்ச்சில் ஆர்கன் வாசித்து ஓய்ந்தவர். முதல் நாளே, வியன்னாவில் ஃபுக்ஸ் என்ற இசையமைப்பாளர் 1725-ல் வெளியிட்ட பாடப் புத்தகத்திலிருந்து 11 நோட்டு எழுதிக் கொடுத்தார்: டி எஃப் இ டி ஜி எஃப் ஏ ஜி எஃப் இ டி. ஹேடன் தானாகப் படித்து, பிறகு பீத்தோவனுக்கும் சொல்லிக்கொடுத்த வழி. "இது மாறாது தம்பி. இதுக்கு மேல ஒரு வரி எழுதிட்டு வாங்க, ஒண்ணுக்கு ஒண்ணு."

கால் மணி நேர வேலை என்று நினைத்தேன். மறுவாரம், எஃப்–இ மேல் நான் வைத்திருந்த சி–பி-க்குச் சிவப்புப் பென்சிலில் இரண்டு கோடு. பேரலல் ஃபிஃப்த்ஸ்: இரண்டு வரியும் ஃபிஃப்த் (ஐந்து சுர இடைவெளி, ஸ-ப மாதிரி) விலகாமல் சேர்ந்தே நகர்வது, கூடாது என்பது விதி. விதி தெரியாமல் இல்லை, முன்பு வேலை பார்த்த இடத்தில் அதை நானே போர்டில் எழுதிப்போட்டு பிள்ளைகளைக் காப்பி பண்ண வைத்திருக்கிறேன், ஏன் என்று அவர்களும் கேட்டதில்லை நானும் யோசித்ததில்லை. இப்போது என் தலையில் விழுந்ததும் கோபம் வந்தது. தம்புராவின் ஸ-ப கேட்டு வளர்ந்த காதுக்கு ஃபிஃப்த்தை விடச் சுகமான இடம் ஏது?

சார் வாதாடவில்லை. தான் கீழ் வரி பாடி, என்னை மேல் வரி பாடச் சொன்னார். அந்த இரண்டு நோட்டில் மட்டும் என் குரல் அவர் குரலோடு ஒட்டிக்கொண்டு, ஒரே ஆள் தடித்த குரலில் பாடுவது மாதிரி ஆகிவிட்டது. சரி, ஃபிஃப்த் அவ்வளவு நன்றாகக் கலந்துவிடுவதுதான் சிக்கல். அடுத்து ஏ–சி என்று மாற்றிப் பாடினோம். கீழே அவர் இறங்க மேலே நான் ஏற, தேர்ட் விரிந்து சிக்ஸ்த் (ஆறு சுர இடைவெளி) ஆனது. இப்போது அறையில் இரண்டு பேர்.

அப்புறம் என் வகுப்பில் பாடிப் பார்க்காமல் யாரும் பென்சில் எடுப்பதில்லை. 45 நிமிஷத்தில் பாதி அதிலேயே போகிறது. கீபோர்டு கிளாஸில் எதற்கு சார் பாட்டு என்று ஒரு பிள்ளையின் அம்மா கேட்டார். அவரையே கீழ் வரி பாட வைத்தேன்.